நடுப்பகலில் கொளுத்திய வீடு

எங்கள் வீட்டைக் கொளுத்தினவன் நீ. வேறு ஒருவனும் இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலின் அடைப்பை நீ பல்லால் கடித்துத் துப்பினதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். இன்றைக்கு நீ மாகாண சபைத் தேர்தலுக்கு வேட்பாளர். சந்திக்குச் சந்தி உன் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது.

நீ தேர்தலில் கேட்பதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. யார்தான் கேட்கவில்லை? ஆற்று மண்ணை அள்ளி விற்றவர் கேட்கிறார். கொழும்பிலிருந்து வந்து வெய்யிலுக்கு முகம் சுளிக்கிறவர் கேட்கிறார். படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தியும் கேட்கிறாள், பாவம், அவளுடைய போஸ்டரின் மேல் உன்னுடையதை ஒட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் எல்லாத் தேர்தலிலும் உள்ளதுதான். ஆனால் போன கிழமை எங்கள் கோயில் வீதியில் மேடை போட்டு நீ கத்தினது உள்ளதல்ல.

"இந்த ஊரில எங்கட குடித் தங்கச்சி ஒருத்திர வீட்ட, தகப்பன உள்ள வெச்சு, ஆத்துக்கு அங்கால இருந்து வந்த சோனகன் கொளுத்தினான். மறந்திட்டீங்களா? மறப்பீங்களா?"

சோனகன் என்று நீ சொன்னது முஸ்லிம் ஆளை. பொடியன்கள் விசிலடித்தார்கள். அன்று பின்னேரமே சந்தியிலுள்ள புடவைக்கடைக்குக் கல் விழுந்தது. கண்ணாடி உடைந்து, கடைக்காரப் பொடியனின் நெற்றி கிழிந்தது.

அந்தத் தங்கச்சி நான்தான். அது என் வீடுதான்.

என் வயதுக்காரரே, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் அன்றைக்குப் புகையைப் பார்த்தீர்கள். போன கிழமை மேடைக்கு முன்னால் கதிரையில் இருந்ததும் நீங்கள்தான். ஒருவர்கூட எழும்பவில்லை.

எங்கள் வீடு எரிந்த அந்தப் பழைய தேர்தல், நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது. மேற்கிலிருந்து நாள் முழுக்க அனல் அடிக்கும். நாங்கள் ஆறு என்கிற வாவியில் தண்ணீர் வற்றி, கரைச் சேறு வெடித்து, கண்ணாப் பற்றைக்குள் செத்த மீன் நாறும். ஊர் முழுக்கக் கோதுமை மாப் பசை காய்ச்சுகிற மணம். அந்தப் பசையைத் தின்ற ஆடுகள் போஸ்டரையும் சேர்த்துத் தின்றன. எங்கள் பக்கம் இரண்டு சின்னம்தான் பேச்சு. ஒன்று குடை, மற்றது மணிக்கூடு.

குடையில் கேட்டவர் எனக்கு மாமா முறை. என் தாயின் குடிக்காரர். வெளியூர்க்காரருக்காக ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடி, அதாவது தாயின் வம்சம். தகப்பனுடைய குடி வேறு. வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். எங்கள் வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, எனக்குப் போக இருந்தது. எனக்குக் கல்யாணம் நடந்தால் அம்மாவும் அப்பாவும் அதே வளவில் ஒரு குடில் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். அதனால் நான் சின்ன வயதிலேயே, சுவரில் கரி இழுத்தால்கூடத் தம்பிக்கு அடிப்பேன். "எண்ட வீட்டுச் சுவர்ல கீறாத."

குடை மாமாதான் எங்கள் வட்டைக்கு விதானை. வட்டை என்றால் ஊராரின் வயல்வெளி. குளத்து மதகைத் திறந்து யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வது அவர். அந்த வருடம் முதல் தண்ணீர் அவருடைய வயலுக்கு, இரண்டாம் தண்ணீரும் அவருடைய வயலுக்கு. கடைசி வயல்கள் கதிர் வெளிவராத குடலைப் பருவத்திலேயே கருகிப்போயின. எங்களுடையதும் கருகியது. அம்மா வரம்பில் நின்று வெறும் வைக்கோலாகக் கிடந்ததை அரிவாளால் வெட்டி மாட்டுக்குப் போட்டாள்.

நீ அவருடைய அக்காவின் மகன். அவர் எங்கே போனாலும் பின்னால் நீ. முறைக்கு எனக்கு அண்ணன். அப்படித்தான் கூப்பிட்டேன். இந்த வாயால்தான்.

அப்பா களுதாவளைப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே எங்கள் படுவான்கரைக்கு வந்த மாப்பிள்ளை. தோணி வைத்திருந்தார், ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்குவார். மணிக்கூட்டில் கேட்ட கல்லடி வாத்தியார் ஒரு ஒலிபெருக்கியும் கார் பற்றரியும் கொடுத்தார். அப்பா அந்த ஒலிபெருக்கிப் புனலைத் தோணியின் முன் அணியத்தில் கட்டிக்கொண்டு கரை வழியே போனார். தண்ணீரில் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். அவர் தூரத்தில் இருக்கும்போதே எங்கள் அடுப்படிக்குக் கேட்கும்.

"முதல் தண்ணி யார்ர வயலுக்கு? ரெண்டாம் தண்ணி யார்ர வயலுக்கு? கருகின வயல் யார்ர? குடை பிடிக்கிறவருக்கு மழை வேணாம், அவருக்கு மதகு இரிக்கி!"

துறையில் குளிக்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

"மச்சான், பேச்சு போதும், பாட்டொண்டு போடுங்க கா!"

"எலெக்சன் முடியட்டும் மச்சாள். மறுகா விடிய விடியப் பாட்டுத்தான்."

சந்தை நாளில் அதே தோணியில் காத்தான்குடிப் புடவைக் காக்காவும் வருவார். முஸ்லிம் ஆள். நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்கிற மாதிரி. தலையில் சீலைப் பொட்டணி, கையில் முழக்கோல். புதுச் சீலையின் கஞ்சி மணம் அவர் இறங்குவதற்கு முன்பே இறங்கும்.

"என்ன மாப்பிள, உங்கட மணிக்கூடு ஓடுதா, நிண்டிட்டா?"

"காக்காட முழக்கோல விட நேராத்தான் ஓடுது."

"எனக்குக் குடையும் ஒண்டுதான், மணிக்கூடும் ஒண்டுதான். சீலை எடுக்கிறவள்தான் எண்ட கட்சி."

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் தேர்தல். குடைப் பிள்ளைகள் ஒரு பக்கம், மணிக்கூட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம். மணிக்கூட்டுப் பக்கம் நான் ஒருத்திதான். "உண்ட கொப்பன் வரத்தன், பொண்டாட்டி வீட்டுச் சோத்துக்கு வந்தவன்" என்று ஒருத்தி சொன்னாள். அவளுடைய கொப்பனும் பொண்டாட்டி வீட்டில்தான் இருந்தான், ஊரில் எல்லா ஆம்பிளையும் அப்படித்தான். அது அவளுக்கு விளங்கவில்லை. நான் அவளுடைய காதைக் கடித்தேன். இரத்தம் உப்பாக இருந்தது. அவர்கள் என்னைக் கீழே விழுத்தி, தலைமயிரைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் மணல் திணித்தார்கள். வகுப்பு வாத்தியார் வந்து எனக்கு மட்டும் அடித்தார். அவரும் குடை.

பிள்ளைகள் மணல் திணித்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு அடுத்த சில நாட்களிலேயே தெரிந்தது.

நான் துறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா தோணியைக் கரையில் ஏற்றினார். நீயும் உன் கூட்டாளிகளுமாக ஏழெட்டுப் பேர் வேலியோரம் நின்றீர்கள். நீதான் முன்னுக்கு வந்தாய்.

"எங்கட குடி வீட்டில திண்டுகொண்டு எங்கட மாமாவுக்குக் குழி தோண்டுறியா? நன்றி கெட்ட வரத்தன்!"

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நீயும் நாளைக்கு ஒருத்திர வீட்டுக்கு வரத்தனாத்தானே போகப்போறாய்? இப்பவே பழகிக்கொள்ளு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அப்பாவுக்கு வினையாகியது. நீ தோணிக்குள்ளிருந்த சவளை எடுத்தாய். தண்ணீர் வலிக்கிற பலகை, கனமான மரம். முதல் அடி வாயில். மரத்தில் மரம் மோதுகிற சத்தம்தான் கேட்டது. அப்பா குந்தினார். இரண்டாவது அடி தாடையில். தாடை ஒரு பக்கமாகப் போய் அப்படியே நின்றது. மற்றவர்கள் வயிற்றில் உதைத்தார்கள். நான் சட்டியால் உன் முதுகில் அடித்தேன், சட்டி உடைந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்து, "போ தங்கச்சி, இது ஆம்பிளையள்ர விசயம்" என்றாய். பிறகு அந்தப் புனலை எடுத்து, அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலால் மிதித்து நசுக்கினாய்.

அப்பாவின் பல்லை நான் சேற்றிலிருந்து பொறுக்கினேன். சட்டி கழுவுகிற சாம்பலும் இரத்தமும் கலந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. துறையில் அத்தனை பெண்கள் நின்றார்கள். சிரித்த வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் வயதுக்காரரே, அதில் உங்கள் தாய்மாரும் இருந்தார்கள்.

வாக்களிப்பு நாள். அப்பா தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே பாயில் கிடந்தார். கஞ்சித் தண்ணீர்தான் இறங்கும். அம்மா வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகும்போது, "நான் ஆருக்குப் போடுவனெண்டு ஊருக்கே தெரியும், ஒளிக்க ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நானும் அப்பாவும். கொல்லையில் கன்றுக்குட்டி.

வெய்யில் உச்சியில் நின்றது. நிழலெல்லாம் காலுக்குக் கீழே. நீயும் உன் கூட்டாளிகளும் படலையைத் திறக்கவில்லை, பிடுங்கி எறிந்துவிட்டு வந்தீர்கள்.

"தங்கச்சி, வெளிய போ. உண்ட அப்பன்ட வீட்ட இண்டைக்குச் சாம்பலாக்கிறம்."

நான் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "இது அப்பாட வீடு இல்ல அண்ணன். எண்ட வீடு. அப்பாவுக்கு இஞ்ச ஒரு கிடுகுகூட இல்ல."

உன்னோடு வந்த ஒருவன் நின்றுவிட்டான். "ஓய், பொட்டை சொல்றது சரிதானே? இது நம்மட குடி வீடெல்லுவா? நம்மட வீட்ட நாமளே கொளுத்துறதா?"

நீ ஒரு நிமிசம் கூரையைப் பார்த்தாய். பார்த்தாய்தானே? உனக்கு விளங்கியது. அப்பாவைத் தண்டிக்க நினைத்து என்னைத்தான் தண்டிக்கப் போகிறாய் என்று விளங்கியது. விளங்கின பிறகும் சொன்னாய்:

"எரியட்டும். மறுகா நாமளே கட்டிக் குடுப்பம்."

அடைப்பைப் பல்லால் கடித்தாய், துப்பினாய், மண்ணெண்ணெயைக் கூரையில் வீசினாய், குச்சியைக் கிழித்துப் போட்டாய். அப்படியும் ஒரு அறிவு! எரித்துவிட்டுக் கட்டிக் கொடுக்கிறதாம். குடிக்குள்ளே என்றால் எல்லாம் கணக்குத் தீர்ந்துவிடுமாம்.

கச்சான் காற்றுக்குக் கூரையின் தென்னோலைக் கிடுகு என்ன, பஞ்சு. நெருப்புக் கூரையில் ஓடினது. நான் அப்பாவின் காலைப் பிடித்து இழுத்தேன். அவர் எழும்பி இரண்டு அடி வைத்தபோது வளை மரம் ஒன்று எரிந்தபடி முதுகில் விழுந்தது. அவரால் கத்த முடியவில்லை, தாடை கட்டியிருந்தது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் சில நேரம் வெறும் பகலில் எனக்குக் கேட்கும்.

அப்போதுதான் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் காக்கா ஓடி வந்தார். காலையில் தன் ஊரில் வாக்குப் போட்டுவிட்டு, அப்பாவின் தாடைக்குப் பூச எண்ணெய் கொண்டு வந்தவர். பொட்டணியைக் கிணற்றடியில் அவிழ்த்துப் போட்டார். புதுச் சீலைகள், கல்யாணச் சீலைகள், எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அப்பாவை ஈரச் சீலையில் சுற்றி இழுத்து வந்தார். அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை தோல் கழன்று தொங்கியது.

"புள்ள, அழாத. வாப்பாக்கு உசிர் இரிக்கி. தண்ணி ஊத்து, ஊத்து" என்றார்.

கொல்லையில் கன்றுக்குட்டியை அவிழ்க்க ஒருவருக்கும் கை இருக்கவில்லை. அது கதறினது நின்றபோது இறைச்சி மணம் வந்தது. அம்மாவின் பெட்டகம், எனக்கென்று வாங்கி வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கு, பன்பாய்கள், தம்பி கரி இழுத்த சுவர், எல்லாம் போயின. அம்மா ஓடி வந்து படலை இருந்த இடத்தில் நின்றாள். அழவில்லை. காக்காவின் கையைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள், இரண்டு பேரையும் தோணியில் ஏற்றித் தானே சவள் வலித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

குடை வென்றது.

வென்ற கையோடு மாமா ஆட்களை அனுப்பி அம்மாவைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். குடிப் பெரியவர்கள் வரிசையாக இருந்தார்கள். நான் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நீ தூணில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டு நின்றாய். பொலிசுக்கு என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

மாமா மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, குடிக்குள்ள நடந்தத வெளிய விடப்பிடாது. பொடியன்ட எதிர்காலம் இரிக்கி. அந்தப் புடவைக்காரன் அங்க நிண்டவன்தானே? கைகூட எரிஞ்சிரிக்கி. அவன்தான் கொளுத்தினான் எண்டு சொன்னா ஆரும் நம்புவாங்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். மண்டபத்தில் விபூதி மணம், கற்பூர மணம். அதற்குள் இருந்துகொண்டுதான் அப்படித் தலையாட்டினார்கள்.

அம்மா எழும்பி நின்றாள். "காக்காட பேர ஆராவது எடுத்தா, நான் பொலிசில போய் உண்ட மருமகன்ட பேரச் சொல்லுவன். குடியும் வேணாம், கோயிலும் வேணாம்."

"அப்ப என்னத்தைத்தான் சொல்றது?"

"விளக்குச் சரிஞ்சதெண்டு சொல்றன்."

பொலிஸ்காரர் வந்து எழுதினார். தமிழ் தெரிந்தவர். பேனையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நடுப்பகல்ல விளக்கா? கூரையிலயா?"

"ஓம் ஐயா. எனக்கு நடுப்பகலும் இருட்டுத்தான்."

அவர் எழுதிக்கொண்டு போனார். சொன்னபடியே குடிக்காரர் வந்து வீடு கட்டித் தந்தார்கள். நல்ல சுவர், ஓடு. நீயும் கல் சுமந்தாய். அம்மா உங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். ஏன் பொய் சொன்னாள், ஏன் தேத்தண்ணி கொடுத்தாள் என்று அவள் சாகும்வரைக்கும் அவளோடு சண்டை பிடித்தேன். அப்பா பிறகு பேசினது எங்களுக்கு மட்டும்தான் விளங்கும். தாடை கோணி, சொல்லெல்லாம் காற்றாகப் போகும். தோணியை விற்றார். முதுகுத் தழும்பில் கச்சான் அடித்தால் எரியும் என்று சுவரோடு சாய்ந்தபடியே இருப்பார். காக்கா பிறகும் வந்தார். முழக்கோலைப் பிடிக்க விரல் மடங்காது. சீலையை நாங்களே அளந்தோம்.

இவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. நடுவில் உள்நாட்டுச் சண்டை வந்தது, பெரிய பெரிய சாவுகள் வந்தன. அதோடு இந்தச் சின்ன நெருப்பை எல்லோரும் மறந்தார்கள். பழைய அநியாயங்கள் எல்லாவற்றுக்கும் சண்டை நல்ல மூடி.

போன கிழமை நீ மேடையில் கத்தினபோதுதான் எனக்கு அம்மாவை விளங்கியது. ஒரு பொய்யை மறுப்பதற்கு அவளுக்கு இன்னொரு பொய்தான் இருந்தது. ஒருவரும் நம்ப முடியாத பொய்யாகப் பார்த்து எடுத்தாள். அது ஒருவரையும் சுடாத பொய். நீயோ, அவள் செத்த பிறகு, அவள் கால் வைத்து மிதித்த பொய்யை எடுத்துத் துடைத்து ஊருக்குக் காட்டுகிறாய். சந்தியில் நெற்றி கிழிந்தவன் யார் தெரியுமா? காக்காவின் பேரன். தையல் போட்டுக்கொண்டு வந்து, "விடுங்க மாமி, எலெக்சன் முடிஞ்சா அடங்கிருவாங்க. நான் கடையப் பூட்டிக்கிட்டு ஊட்ட போறன்" என்கிறான். அவனுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. இப்போது விழுந்தது கல். அடுத்து என்ன விழும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த வேலையைச் செய்யப்போகிற பொடியன்களுக்குத் துறையில் நின்ற உன் வயதுதான்.

நேற்று வாக்குக் கேட்டு என் படலைக்கு வந்தாய். கும்பிட்டாய். "தங்கச்சி, நம்மட குடி வாக்குச் சிதறப்பிடாது" என்றாய்.

"ஆர் அண்ணன் எண்ட வீட்டக் கொளுத்தினது?" என்று கேட்டேன்.

உன்னோடு வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாய். குனிந்து, என் காதுக்குள் சொன்னாய்: "பழசக் கிளறாத கா. அதுக்குத்தானே கட்டித் தந்தம்."

கட்டித் தந்தோம் என்றாய். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. காக்காவின் பேரனுக்குப் போதாது.

ஞாயிற்றுக்கிழமை அதே கோயில் வீதியில் உனக்குக் கூட்டம். நான் வருவேன். என் வயதுக்காரரே, நீங்களும் வாருங்கள், முன் கதிரையில் இருந்துகொண்டு மூச்சு விடாமல் கேளுங்கள். காக்காவின் பேரனையும் அவன் ஊர்ப் பெரியவர்களையும் நானே கூட்டிக்கொண்டு வருவேன். என் காதுக்குள் சொன்னதை அவர்கள் முகத்தைப் பார்த்து, மைக்கில், உன் பொடியன்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல். அந்த வீட்டைக் கொளுத்தினது யார்? காக்காவா, நீயா? வாக்குக் கேட்கிற வாயால் பதில் சொல்.